அன்டிபயோட்டிக் குடிக்கும் பிள்ளை தள்ளாடினால், அலறினால், வலிப்பு வந்தால்: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அன்டிபயோட்டிக் தொடங்கிய பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தாலும், உடம்பு தடித்தாலும், வீட்டில் எல்லோரும் மருந்தைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். அதே பிள்ளை நடுச்சாமத்தில் சுவரைக் காட்டி "அங்க ஆரோ நிக்கினம்" என்று அலறினால் மருந்தின் நினைவே வராது. கண்ணூறு கழிப்பார்கள், கையில் நூல் கட்டுவார்கள். சில அன்டிபயோட்டிக்குகள் மூளையையும் நரம்பையும் தொடக்கூடியவை. அது அடிக்கடி நடப்பதில்லை. நடந்தாலும், பெரும்பாலும் மருந்தை மாற்றிய சில நாட்களில் பிள்ளை பழையபடி ஆகிவிடும். காதையும் கண்ணையும் தொடுபவை மட்டும் வேறு. அங்கே தாமதித்தால் போனது திரும்பாமலே போகலாம்.

முதல் பிள்ளையோடு திண்டாடுபவர்களுக்காகவும், ஊரிலிருந்து வந்து கொழும்பு வைத்தியசாலைகள் இன்னும் பழகாதவர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

வலிப்பு, தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காத மயக்கம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்து நிற்பது, கிறீச்சென்ற, வழக்கமில்லாத அழுகை, பால் உறிஞ்ச மறுத்துத் துவண்டு கிடப்பது, திடீரென்று பார்வை மங்குவது அல்லது ஒன்று இரண்டாகத் தெரிவது, மூச்சு விடச் சிரமப்படுவது. இதில் எது வந்தாலும், மருந்தாலா நோயாலா என்ற ஆராய்ச்சி வீட்டில் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இரவு பகல் பாராமல் பிள்ளைகளை எடுக்கும். தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. சிங்களம் வராது என்று தயங்க வேண்டாம். வாசலில் "ஃபிட்ஸ்" என்ற ஒரு சொல் போதும், வரிசையில் நிற்க விடமாட்டார்கள்.

வலிப்பு நடக்கும்போது பிள்ளையைத் தரையில் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் போகக்கூடாது. கையில் இரும்புத் திறப்பு கொடுப்பதாலும், மூக்கில் வெங்காயம் பிடிப்பதாலும் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நின்றதைத்தான் இரும்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம். கைபேசியில் நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நின்று மறுபடி தொடங்கினால், கட்டாயம் அம்புலன்ஸ். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அரை நிமிடம் வீடியோ எடுக்கட்டும். "கையும் காலும் இழுத்தது" என்று நீங்கள் சொல்வதைவிட அந்த வீடியோ டொக்டருக்கு அதிகம் சொல்லும்.

மருந்தைச் சந்தேகிக்க முன் மூன்று பேரைச் சந்தேகியுங்கள்

முதல் ஆள் நோய்தான். அன்டிபயோட்டிக் எதற்காகத் தொடங்கினார்களோ அந்தத் தொற்றும் காய்ச்சலுமே பிள்ளையைப் பிதற்ற வைக்கும். 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவது அவ்வளவு அரிதல்ல. இன்னொன்று, அரைகுறையாக வாயால் கொடுத்த அன்டிபயோட்டிக் மூளைக்காய்ச்சலை மறைக்கும். காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, பிள்ளை மட்டும் சரியாகாமல் இருக்கும். கொழும்பில் மழைக்குப் பின்னால் டெங்குவை மறக்கவே கூடாது. காய்ச்சல் விட்ட நேரத்தில் பிள்ளை அந்தரப்படுவது, சோர்ந்து தூங்கி வழிவது, ஓயாத சத்தி, வயிற்று வலி, கை கால் குளிர்வது ஆகியவை டெங்குவின் அபாய அறிகுறிகள். டெங்குவுக்கு அன்டிபயோட்டிக் எதுவும் செய்யாது. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல" என்று நினைத்துக்கொண்டு அந்த மணித்தியாலங்களை வீட்டில் கழிப்பதுதான் மிக ஆபத்தான தவறு.

இரண்டாவது ஆள், அதே பையில் வந்த மற்ற மருந்துகள். சளிக்கும் இழுப்புக்கும் டிஸ்பென்சரியில் ஒரே தடவையில் நாலைந்து மருந்து தருவது வழக்கம். சல்பியூட்டமோல் சிரப் கையை நடுங்க வைக்கும், நெஞ்சு படபடக்கும். பிரிட்டோன் (Piriton) என்று நாம் சொல்லும் குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தரும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, கூரையைப் பிடுங்கும் அளவுக்குத் துள்ள வைக்கும். பிரெட்னிசொலோன் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலூட்டும். மொண்டெலுகாஸ்ட் கெட்ட கனவும் குணமாற்றமும் தரக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2020இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கைப் பெட்டியே போட்டார்கள். சத்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் இன்னும் பயமுறுத்தும்: கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். ஆனால் பிள்ளைக்கு நினைவு இருக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்க்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்றே நினைப்பார்கள். வைத்தியசாலையில் ஓர் ஊசியோடு இது அடங்கிவிடும். எங்கள் கணக்கில், "அன்டிபயோட்டிக் குடித்துப் பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டது" என்று வரும் கதைகளில் முதலில் கிளற வேண்டியது இந்தப் பையைத்தான்.

மூன்றாவது ஆள் அளவு. இதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

போத்தலும் கரண்டியும்

"அஞ்சு மில்லி குடுங்கோ" என்று சொன்னால் அது மில்லிகிராமா மில்லிலீற்றரா என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே அமொக்சிசிலின் 5 மி.லீ.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 5 மி.லீ.க்கு 250 மி.கி. என்றும் வருகிறது. டொக்டர் 250 மி.கி. என்று எழுதியிருந்தால் முதல் போத்தலில் 10 மி.லீ., இரண்டாவதில் 5 மி.லீ. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் செறிவானது: 1.25 மி.லீ.யில் 125 மி.கி., அதாவது சாதாரண சிரப்பைவிட நாலு மடங்கு. சொட்டு மருந்துப் போத்தலைக் கரண்டியால் அளந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

வயிற்றோட்டத்துக்குத் தரும் மெட்ரோனிடசோலில் இந்தப் பிழை நரம்போடு விளையாடும். 5 மி.லீ.யில் 200 மி.கி. உள்ள சிரப் என்றால் ஒரு மி.லீ.யில் 40 மி.கி. 10 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 75 மி.கி.; அதாவது 2 மி.லீ.க்கும் சற்றுக் குறைவு. அதே பிள்ளைக்கு "ஒரு கரண்டி" என்று 5 மி.லீ. போனால் இரண்டரை மடங்குக்கும் மேல். அமீபாத் தொற்று உறுதியானால் டொக்டரே இதைவிட உயர்ந்த அளவு எழுதுவார். அதனால் உங்கள் கணக்குப் பொருந்தாவிட்டால் நீங்களாகக் குறைக்காமல், எந்த நோய்க்கு எந்த அளவு என்று கேளுங்கள். போகிற போக்கில் ஒன்று: பிள்ளைகளின் வயிற்றோட்டம் பெரும்பாலும் வைரசால் வருவது. அதற்கு வேண்டியது ஜீவனி என்ற உப்புக் கரைசல், மெட்ரோனிடசோல் அல்ல.

தூளாக வரும் போத்தலைக் கரைப்பதிலும் பிழை வரும். முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்தாறிய தண்ணீரில் பாதியை விட்டு நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடுவரை நிரப்ப வேண்டும். அடியில் கட்டி தங்கினால் முதல் நாட்களில் பிள்ளைக்குத் தண்ணீர்தான் போகும். கடைசி நாட்களில் செறிந்த மருந்து போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். தேக்கரண்டியை விட்டுவிட்டு, பாமசியில் ஊசி இல்லாத 5 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள்.

டிஸ்பென்சரியில் பெயரில்லாத சிறு போத்தலும், "3 வேளை" என்று மட்டும் எழுதிய கடதாசி உறையும் தந்தால், அங்கேயே நின்று மருந்தின் பெயரையும் செறிவையும் அதன்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். இரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் "ரோஸ் கலர்ப் பாணி" என்று சொன்னால் எந்த டொக்டராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

எந்த மருந்து, எந்த அடையாளம், எப்போது

அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளாவ், செஃபலெக்சின் போன்ற, வீட்டில் அதிகம் புழங்கும் மருந்துகள் வழக்கமான அளவில் மூளையைத் தொடுவது மிக அரிது. எப்போதாவது தூக்கமின்மையும் துள்ளலும் வரும். இதே குடும்பத்து மருந்துகள் இரத்தக் குழாய் வழியாக உயர்ந்த அளவில் போகும்போதுதான் கதை மாறுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை பென்சிலின் குடும்பம் தடுக்கும். தடுப்பு மிஞ்சினால் மூளை கொதித்து வலிப்பு வரும். சிறுநீரகம் மருந்தைச் சரியாக வெளியேற்றாத பிள்ளையில் இது எளிதில் நடக்கும். செஃபெபிம் இதற்குப் பேர்போனது: மருந்து தொடங்கிச் சில நாட்களில் பிள்ளை மந்தமாகும், பேச்சுக் குழறும், தசைகள் வெட்டி வெட்டி இழுக்கும். உடம்பு துடிக்காமலே மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்தால்தான் தெரியும். வாட்டில் இருக்கும் பிள்ளை "நல்லா நித்திரை கொள்ளுது" என்று தாதி சொன்னாலும், அது வழக்கமான நித்திரை அல்ல என்று தாய்க்குத் தோன்றினால் சொல்லிவிட வேண்டும். இமிபெனெமும் வலிப்பைத் தூண்டக்கூடியது. மூளைக்காய்ச்சல் உள்ள பிள்ளைகளுக்கு அதைத் தவிர்ப்பது அதனால்தான்.

கிளாரித்ரோமைசின் கெட்ட கனவும், இல்லாததைக் காண்பதும், குழப்பமும் தரலாம். பெரும்பாலும் முதல் சில நாட்களில். நிறுத்தினால் ஓரிரு நாட்களில் தெளியும். சிப்ரோஃப்ளொக்சசின் குடும்பம் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாட்டோடுதான் எழுதப்படும். தூக்கமின்மை, பதற்றம், தலைச்சுற்று, பிரமை, வலிப்பு, கைகால் நரம்பு எரிவு எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. அது கோப்பியிலுள்ள கஃபீனையும் உடம்பில் தேங்க வைக்கும். பரீட்சைக்கு விழித்திருந்து கோப்பியும் எனர்ஜி ட்ரிங்கும் குடிக்கும் பெரிய பிள்ளை அந்த நாட்களில் நடுங்கினால் ஆச்சரியமில்லை.

மெட்ரோனிடசோல் குடிக்கும்போது வாயில் இரும்புச் சுவை வருவதும் சிறுநீர் கறுப்பதும் பயப்பட வேண்டியவை அல்ல. வாரக்கணக்கில் கொடுக்கும்போது வருபவைதான் கவனத்துக்குரியவை: காலில் எறும்பு ஊர்வது, மரத்துப் போவது, குடித்தவரைப் போலத் தள்ளாடுவது, நாக்குக் குழறுவது. சிறுமூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருப்பது எம்ஆர்ஐ படத்தில் தெரியும். நிறுத்தினால் தள்ளாட்டம் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடும். கால் நரம்புக்கு மாதங்கள் எடுக்கும். சிறுநீர்த் தொற்று திரும்ப வராமலிருக்க மாதக்கணக்கில் தரும் நைட்ரோஃபுரான்டோயினும் கால் நரம்பைத் தொடலாம், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால்.

முகப்பருவுக்கு டொக்சிசைக்கிளின் அல்லது மினோசைக்கிளின் எடுக்கும் பதின்ம வயதினருக்குத் தலைக்குள் அழுத்தம் ஏறலாம்: காலையில் கூடும் தலைவலி, சத்தி, குனிந்தால் பார்வை ஒரு கணம் இருண்டு வருவது. முகப்பருவுக்கே தரும் ஐசோட்ரெட்டினோயினையும் இதையும் சேர்த்து எடுக்கவே கூடாது. ஒரு டொக்டர் ஒன்றையும், இன்னொரு கிளினிக்கில் மற்றதையும் எழுதி, இரண்டும் ஒரே மேசையில் வந்து சேர்வது நடக்கிற விஷயம்.

ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் உட்காதில் ஒலியை உணரும் செல்களைக் கொல்லக்கூடியவை. அப்படிப் போன கேள்விப்புலன் திரும்பாது. குறைமாதக் குழந்தைக்கு இவற்றைப் போடுவது பல நேரம் உயிர் காக்க வேண்டிய கட்டாயம். அதைத் தடுக்க வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டு: இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கிறார்களா, வீட்டுக்கு விடமுன் காதுப் பரிசோதனை உண்டா. தாய் வழியில் யாருக்காவது இப்படி ஊசி போட்டபின் காது கேளாமல் போயிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் சரியான அளவே காதைப் பறித்துவிடக்கூடும்.

கொழும்பில் காசநோய் இன்னும் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் பிள்ளைக்கும் மருந்து தொடங்குவார்கள். ஐசோனியசிட் உடம்பின் பி6 விற்றமினைக் குறைத்துக் கைகால் நரம்பை எரிய வைக்கும். அதற்குத்தான் பைரிடொக்சின் குளிசை சேர்த்துத் தருகிறார்கள், அதை "வெறும் விற்றமின்" என்று விட்டுவிடக் கூடாது. ஐசோனியசிட்டைப் பிள்ளை எட்டி எடுத்து நிறைய விழுங்கினால் நிற்காத வலிப்பு வரும். போத்தலோடு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். பி6 ஊசிதான் மாற்று மருந்து. எதாம்பியூட்டோல் பார்வை நரம்பைத் தொடும், சிவப்பும் பச்சையும் முதலில் குழம்பும். லினசோலிட் என்ற மருந்து 28 நாளைத் தாண்டினால் கண்ணையும் கால் நரம்பையும் கவனிக்க வேண்டும்.

வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளைகள்

இவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எபிலிம் எனப்படும் வல்ப்ரோயேட் குடிக்கும் பிள்ளைக்கு மெரோபெனெம் என்ற அன்டிபயோட்டிக்கை ஏற்றினால் வல்ப்ரோயேட்டின் அளவு ஓரிரு நாளில் சரிந்து, அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். டெக்ரிட்டோல் எனப்படும் கார்பமசெபின் குடிக்கும் பிள்ளைக்கு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ கொடுத்தால் நேர்மாறு: கார்பமசெபின் ஏறிப்போய் தூக்கம், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, சத்தி. அசித்ரோமைசினுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. இழுப்புக்குத் தியோஃபிலின் எடுக்கும் பிள்ளைக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் மூன்றும் தியோஃபிலினை ஏற்றி நடுக்கமும் வலிப்பும் தரலாம். தொண்டை நோவுக்குப் புதிய டொக்டரிடம் போனாலும், வாயைத் திறக்க முன் பிள்ளையின் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சிறு சோதனைகள்

5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை ஓட்டுத் தரையின் கோட்டின்மேல், ஒரு குதிக்காலை மற்றக் காலின் விரலோடு முட்ட வைத்து, பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். உங்கள் விரலையும் தன் மூக்கையும் மாறி மாறித் தொடட்டும். விரலைத் தாண்டிப் போகிறதா, நடுங்குகிறதா என்று பாருங்கள். பாடசாலைக் கொப்பியில் போன வாரக் கையெழுத்தையும் இன்றைய கையெழுத்தையும் பக்கத்தில் வையுங்கள். எதாம்பியூட்டோல் அல்லது லினசோலிட் எடுக்கும் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சிவப்பு, பச்சை, மண்ணிறப் பென்சில்களைப் பிரிக்கச் சொல்லலாம். பிறகு மற்றக் கண். சின்னப் பிள்ளைகள் "கால் விறைக்குது" என்று சொல்லாது. நேற்றுவரை ஓடிய பிள்ளை இன்று தூக்கச் சொல்லி அழும், செருப்புப் போட மறுக்கும், படியில் பிடித்துப் பிடித்து இறங்கும். இந்தச் சோதனைகள் சரியாக இருந்தன என்பதற்காக டொக்டரிடம் போகாமல் இருக்க வேண்டாம். பிழை தெரிந்தால் போவதற்காகத்தான் இவை.

நிறுத்துவதா, தொடர்வதா

தூக்கம் கெடுவது, சிடுசிடுப்பு, லேசான தலைச்சுற்று மட்டும் என்றால் அடுத்த வேளைக்கு முன் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல நேரம் தொடரத்தான் சொல்வார். பிரமை, தள்ளாட்டம், கால் மரத்தல், பேச்சுக் குழறல் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அன்றே பிள்ளையைக் காட்டுங்கள். நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பது தீர்வாகாது, தொற்று அங்கேயே இருக்கும். வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். காசநோய் மருந்துகளை நீங்களாக நிறுத்தக் கூடாது, அதே நாள் மார்புநோய்க் கிளினிக்குக்குப் போங்கள். இதற்கு விலக்கு கண்: பார்வை மாறினால் எதாம்பியூட்டோலின் அடுத்த வேளை வேண்டாம், உடனே கிளினிக்.

போகும்போது எல்லாப் போத்தலும் உறையும் ஒரு பையில் வரட்டும், காலியானவையும் சேர்த்து. பிள்ளையின் நிறை, கிளினிக் கொப்பி, எந்தத் திகதி எத்தனை மணிக்கு முதல் வேளை, எந்த மணிக்கு முதல் அறிகுறி, அப்போது காய்ச்சல் எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. மருந்து குடித்து எவ்வளவு நேரத்தில் வந்தது, அடுத்த வேளைக்குப் பின் மறுபடி கூடியதா என்பதிலிருந்துதான் டொக்டர் மருந்தையும் நோயையும் பிரிப்பார். இரத்தத்தில் சீனியும் உப்பும் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் முதுகுத் தண்டில் நீர் எடுக்கக் கேட்பார்கள். அதற்கு மறுப்புச் சொல்லும் பெற்றோர் அதிகம். மூளைக்காய்ச்சலை இல்லையென்று சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை. அப்படி நீர் எடுப்பதால் பிள்ளை முடமாகும் என்ற பேச்சில் உண்மையும் இல்லை.

வீடு திரும்பும்போது

டயக்னோசிஸ் கார்ட்டில் "மருந்து அலர்ஜி" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். தடிப்பும் மூச்சுத்திணறலும் ஒவ்வாமை. தள்ளாட்டமும் பிரமையும் பக்கவிளைவு. மெட்ரோனிடசோலால் தள்ளாடிய பிள்ளைக்குப் பென்சிலின் கொடுப்பதில் தடை ஏதும் இல்லை. ஆனால் கார்ட்டில் வெறுமனே "அன்டிபயோட்டிக் அலர்ஜி" என்று இருந்தால் அடுத்த டொக்டர் தேவையில்லாமல் கடுமையான மருந்துக்குப் போவார். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் அறிவிக்க முடியுமா என்று வாட்டு டொக்டரிடம் கேட்டு வையுங்கள். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நீங்களும் இப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்: "கிளாரித்ரோமைசின் 125 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. இரண்டாம் நாள் இரவு பிரமை, காய்ச்சல் இல்லை. நிறுத்தி இரண்டு நாளில் தெளிந்தது. அமொக்சிசிலின் முன்பு ஒத்துக்கொண்டது."